விருந்தினர் கண்ணும் பணியாளர் கையும்: தமிழ்ப் பயண இலக்கியத்தில் மொழி கற்றல்

தமிழில் பயண இலக்கியம் நேற்று முளைத்த துறை அன்று. பத்துப்பாட்டில் சரிபாதி நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்கு வழி கூறுவதே அவற்றின் அமைப்பு. எந்நிலத்தில் எம்மக்கள் வாழ்கின்றனர், அவர்கள் என்ன உணவு தருவர், எவ்விடத்தில் அஞ்சி நடக்க வேண்டும், எவ்விடத்தில் இரவு தங்கலாம் என்பனவெல்லாம் அங்கே முறையாகச் சொல்லப்படுகின்றன. ஆற்றுப்படையின் பயணி ஊர் பார்க்கப் புறப்பட்டவன் அல்லன். தொழில் செய்து உண்பவன். பாடுவதும் ஆடுவதும் யாழ் இசைப்பதும் அவன் தொழில். தன் கலையைக் கொடுத்துச் சோறும் தங்குமிடமும் பெறுபவன் அவன். தமிழ்ப் பயண இலக்கியத்தின் முதல் நாயகன் ஒரு பணியாளன் என்பது மாணவர் மனத்தில் இருத்தத்தக்க செய்தியாகும்.

இருபதாம் நூற்றாண்டில் உரைநடையில் மலர்ந்த பயண நூல்களை நோக்கும்போது, இந்நிலை பெரிதும் மாறியிருப்பது புலனாகிறது. கப்பலேறியும் விமானமேறியும் சென்று எழுதியவர்களுள் மிகப் பலர் அழைக்கப்பட்டோ, தம் பொருள் கொண்டோ சென்ற விருந்தினர்கள். அவர்கள் கண்டதை எழுதினர், நன்றாகவே எழுதினர். ஆயினும், கண்ட நாட்டின் மொழியைக் கற்று, அந்நாட்டாரோடு சேர்ந்து வேலை செய்து, அதன் வழியாக அறிந்ததை எழுதியவர்கள் மிகச் சிலரே.

இன்றோ புதியதொரு பயணி தோன்றியிருக்கிறான். முதுகில் ஒரு பை. கையில் குறைந்த பணம். ஸ்பானிய மொழி வழங்கும் நாடொன்றுக்குச் சென்று அம்மொழியைப் பயின்றுகொண்டே, பயணியர் விடுதி ஒன்றில் படுக்கை விரித்தும் தரை துடைத்தும், அதற்கு ஈடாக உறைவிடம் பெற்று மாதக்கணக்கில் தங்கும் இளைஞர்களும் யுவதிகளும் உலகெங்கும் பெருகியுள்ளனர். இத்தகைய பயணம் தமிழ் எழுத்துக்கு என்ன தரக்கூடும், அதற்குத் தமிழில் முன்னோர் உண்டா என்பவை ஆராயத்தக்க வினாக்கள். விடையின் ஒரு பகுதி நூலகத்தில் இருக்கிறது. மறு பகுதியோ கோலா சிலாங்கூர் வட்டாரத்துப் புக்கிட் பெலிம்பிங் போன்ற தோட்டங்களில் இருக்கிறது.

பயண எழுத்தை மதிப்பிட மூன்று வினாக்கள் துணை செய்யும். முதலாவது: இந்நூலில் அந்நாட்டு மக்கள் தம் மொழியில் பேசுகிறார்களா? இரண்டாவது: பயணியின் உணவைச் சமைத்தவரும் படுக்கையை விரித்தவரும் நூலில் இடம் பெறுகிறார்களா? மூன்றாவது: பயணி விரும்பிய நாளில் புறப்பட்டுவிட முடியுமா? இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு சில எழுத்துகளை நோக்கலாம்.

விருந்தினர் நோக்கு

தமிழ்ப் பயண இலக்கியத்தின் முன்னோடி என்று போற்றத்தக்கவர் ஏ. கே. செட்டியார் (1911–1983). ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்னும் நூற்பெயரே அவருக்குரிய பட்டமாகவும் நிலைத்துவிட்டது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக் கலை பயின்ற அவர், காந்தியடிகளைப் பற்றிய ஆவணப் படத்துக்காக நாடு நாடாக அலைந்து ஏறத்தாழ 50,000 அடி நீளப் படச்சுருளைத் திரட்டினார். அப்படம் 1940இல் திரையிடப்பட்டது. இத்துணைப் பெரும் முயற்சியைச் செய்த ஒருவர், தம் எழுத்தில் தம்மைப் பின்னே நிறுத்திக்கொண்டது வியப்புக்குரியது. சிறு வாக்கியங்கள், அடக்கமான நகைச்சுவை, சாதாரண மக்களின் பண்பைக் குறித்துக் காட்டும் கூர்மை ஆகியவை அவர் நடையின் சிறப்புகள். இரண்டாம் வினாவுக்கு அவர் நூல்கள் நல்ல விடை தருகின்றன. பெரியோரைக் காணச் சென்ற வழியில் எளியோரையும் அவர் கண்டார்.

முதல் வினாவில்தான் குறை தோன்றுகிறது. பல நாடுகளை விரைந்து கடந்த பயணிக்கு ஒவ்வொரு நாட்டு மொழியையும் கற்கும் ஓய்வு இருத்தல் அரிது. ஆதலால் உரையாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவோ, அங்கு வாழ்ந்த இந்தியர் வழியாகவோ நிகழ்ந்தன. சோமலெ அவர்களின் நூல்களிலும் இதே நிலைதான். ‘ஆஸ்திரேலியாவில் ஒரு மாதம்’ என்ற நூற்பெயரே தங்கலின் எல்லையை நேர்மையாக அறிவித்துவிடுகிறது. ஊர், தொழில், விளைபொருள், போக்குவரத்து என்று செய்திகளைத் திரட்டித் தமிழ் வாசகனுக்குப் பயன்படும்படி வகுத்துத் தந்ததில் சோமலெக்கு இணை சொல்வது கடினம். தி. ஜானகிராமன் ஜப்பானைப் பற்றி எழுதிய ‘உதயசூரியன்’ ஒரு நாவலாசிரியரின் கண்ணைப் பயண எழுத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால் இவர்கள் அனைவரும் விருந்தினர்கள். விருந்தினருக்கு வீட்டின் முன்கட்டு நன்கு தெரியும், அடுக்களை தெரியாது. இது அவர்கள் குற்றமன்று. அவர்கள் சென்ற முறையின் இயல்பு.

மொழி கற்ற பயணி

இவ்வரிசையிலிருந்து விலகி நிற்பவர் தனிநாயகம் அடிகளார் (1913–1980). யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் பிறந்து உரோமையில் இறையியல் பயின்ற அவர், இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஜெர்மன், போர்த்துகீசியம் முதலிய மொழிகளோடு ஸ்பானிய மொழியையும் அறிந்திருந்தார். 1950ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அமெரிக்கக் கண்டத்தின் வடக்கிலும் தெற்கிலும் சென்று தமிழ்ப் பண்பாடு குறித்துச் சொற்பொழிவாற்றினார். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்று, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடுவதற்கு முதற்காரணராய் விளங்கினார். அவ்வகையில் அவர் மலேசியத் தமிழருக்கும் உரியவர்.

தாம் கண்ட நாடுகளையும் பண்பாடுகளையும் பற்றி அவர் எழுதிய நூலுக்கு ‘ஒன்றே உலகம்’ என்று பெயரிட்டார். கணியன் பூங்குன்றனாரின் பாடலை உலக அரங்குகளில் எடுத்துரைத்தவருக்கு அது பொருத்தமான தலைப்பே. ஆனால் அவர் பயணங்களின் தனிச்சிறப்பு அந்நூலில் மட்டும் அடங்கவில்லை. மொழி அறிந்த பயணி நூலகத்தின் உள்ளறைக்கும் செல்ல முடியும் என்பதை அவர் மெய்ப்பித்தார். அந்தாம் தெ புரொயென்சா என்னும் இயேசு சபைத் துறவி தொகுத்து, 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சேறிய தமிழ்–போர்த்துகீசிய அகராதியின் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருப்பதைக் கண்டெடுத்து, 1966இல் மலாயாப் பல்கலைக்கழக வெளியீடாக அதனை மறுபடியும் உலகுக்கு அளித்தார். போர்த்துகீசியம் அறியாத பயணி அந்நூலகத்துக்குச் சென்றிருந்தால், அதன் ஓவியக் கூடத்தை வியந்து எழுதிவிட்டுத் திரும்பியிருப்பார்.

அவர் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த மற்றொரு நூல் 1554இல் லிஸ்பனில் அச்சான சிறு சமய நூல். தமிழ் மொழியை உரோமன் எழுத்தில் அச்சிட்டு, போர்த்துகீசியப் பொருளும் சேர்த்த நூல் அது. அதனை உருவாக்கியவர்களாக விசெந்தே தெ நசரே, ஜோர்ஜே கர்வாலோ, தோமா தா குருஸ் என்னும் மூவரின் பெயர்கள் காணப்படுகின்றன. கிறித்தவப் பெயர் பூண்ட இம்மூவரும் தமிழ் பேசும் இந்தியர். ஐபீரிய மண்ணில் அம்மண்ணின் மொழியைக் கற்று, அதனைக் கொண்டு பணியும் செய்த தமிழர் ஏறத்தாழ 470 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தனர் என்பது இதனால் தெளிவாகிறது. அவர்கள் எங்கே உறங்கினர், யார் சமைத்ததை உண்டனர், முதன்முதலில் எச்சொல்லைப் பிழையாகச் சொல்லி நகைப்புக்கு ஆளாயினர் என்பவற்றை எழுதிவைத்திருந்தால், தமிழின் முதல் பயண உரைநடை அதுவாக இருந்திருக்கும். பணியாளர் எழுதுவதில்லை, எழுதுவோர் பணி செய்வதில்லை. தமிழ்ப் பயண இலக்கியத்தின் நெடுநாள் குறை இதுவே.

தோட்டத்தைக் கண்ட பிரெஞ்சுக்காரர்

மொழியும் தெரிந்து, தொழிலும் தெரிந்து எழுதினால் மட்டும் போதுமா என்னும் வினாவுக்கும் இதே கோலா சிலாங்கூர் மாவட்டமே ஒரு சான்று தருகிறது. ஆன்றி ஃபொக்கோனியே (1879–1973) என்னும் பிரெஞ்சுக்காரர் 1905இல் இளைஞராகக் கீழ்த்திசைக்குப் புறப்பட்டு, சிலாங்கூரில் ஆங்கிலத் தோட்டக்காரரிடம் தொழில் பயின்றபோது மலாயையும் தமிழையும் கற்றுக்கொண்டார். சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் இரப்பர் பயிரிட்டார். பத்தாங் பெர்ஜுந்தையை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அடுத்த தென்னமாரம் தோட்டத்தில் 1917இல் அவர் தொடங்கிய செம்பனைப் பயிர்ச்செய்கைதான் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எனப்படுகிறது. அவர் எழுதிய ‘மலேசி’ என்னும் நாவல் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது.

முதல் வினாவில் ஃபொக்கோனியே தேறிவிடுகிறார். மலாய்ப் பந்துன்கள் அவர் நூலில் உயிரோடு நடமாடுகின்றன. மண்ணின் வெம்மையும் மழையின் ஓசையும் அங்கே உண்டு. ஆயினும் கதை சொல்லும் லெஸ்காலும், அவன் வியக்கும் ரொலேனும் தோட்டக்காரர்கள். தமிழ்ப் பாட்டாளிகள் அவர்கள் பார்வைக்கு உட்பட்ட அளவிலேயே வாசகனுக்குத் தெரிகின்றனர். லயத்துக்குள் விளக்கணைந்தபின் என்ன பேசப்பட்டது என்பது அந்நூலுக்குத் தெரியாது. பங்களாவின் மேட்டில் நின்றவர் கற்ற தமிழ், வேலை வாங்கப் பயன்பட்ட தமிழ். ஒரு மொழியைக் கட்டளையிடுவதற்காகக் கற்பதும், கட்டளையைப் புரிந்துகொள்வதற்காகக் கற்பதும் ஒன்றல்ல. எவ்விடத்தில் நின்று கற்றார் என்பதே எழுத்தின் தன்மையை வரையறுக்கிறது.

எழுதப்படாத பயணிகள்

இனிப் புக்கிட் பெலிம்பிங்கை நோக்கலாம். கோலா சிலாங்கூர், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா எனப் பரந்து கிடக்கும் வட சிலாங்கூர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள், நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலும் கிள்ளானிலும் இறங்கியவர்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுற்றது. கங்காணி வழி ஆள் சேர்ப்பு, இந்திய அரசு 1938இல் விதித்த தடையோடு நின்றது. வந்தவர்களிடம் இருந்த சுமை ஒரு துணி மூட்டை. சிலரிடம் ஒரு தகரப் பெட்டி. வேலைக்கு ஈடாகக் கூலியோடு ஓர் உறைவிடமும் கிடைத்தது. அதற்கு லயம் என்று பெயர்.

அவர்களுக்கு மலாய் மொழியைக் கற்பிக்க வகுப்பு இல்லை, பாடநூல் இல்லை. கம்போங்கிலிருந்து மீன் கொண்டுவந்தவரிடமும், ஆற்றில் படகு செலுத்தியவரிடமும், பட்டணத்துக் கடைக்காரரிடமும் கேட்டுக் கேட்டே அதனைக் கற்றனர். கற்ற மொழி அவர்கள் தமிழில் கலந்தது. மண்வெட்டி ‘சங்குல்’ ஆயிற்று. சந்தை ‘பாசார்’ ஆயிற்று. கொடுத்ததும் உண்டு. அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கடைக்குக் ‘கெடாய்’ என்றும், கப்பலுக்குக் ‘கப்பால்’ என்றும், கட்டிலுக்குக் ‘காத்தில்’ என்றும், பெட்டிக்குப் ‘பெத்தி’ என்றும் மலாயில் வழங்கின. புதிதாய் வந்த பாட்டாளி, தன் பாட்டன்மார் விட்டுச் சென்ற சொற்களை அயல்மொழியில் மீண்டும் கண்டெடுத்தான். ஒரு மொழியியல் அறிஞனுக்குரிய இந்த வியப்பு அவனுக்கும் நிகழ்ந்திருக்கும். அதைக் குறித்துவைக்க அவனிடம் ஏடு இல்லை.

மலேசியத் தமிழ்ச் சிறுகதையும் நாவலும் தோட்ட வாழ்வை நன்கு பதிவு செய்துள்ளன. பெரட்டுக் களமும், பால்மரக் காட்டின் விடியலும், ஆயாக்கொட்டகையும், தோட்டத் துண்டாடலும் அவற்றில் உண்டு. ஆனால் அவ்வெழுத்துகள் துன்ப வரலாறாக மட்டுமே வாசிக்கப்படுகின்றன. அவற்றையே பயண இலக்கியமாகவும் வாசிக்க முடியும் என்பதைத் திறனாய்வாளர் போதிய அளவு எண்ணவில்லை. அயல்நாட்டில் இறங்கியவன் முதல் வாரத்தில் எச்சொல்லைக் கற்றான், யாரிடம் கற்றான், எப்பழத்தை எப்பெயரால் அழைத்தான் என்னும் வினாக்களோடு தோட்டக் கதைகளை மீண்டும் படித்தால், இதுவரை காணாத ஒரு செல்வம் கைக்கு வரும்.

ஸ்பானிய மொழியும் தமிழ் மாணவனும்

இப்பின்னணியில் புதிய பயணியின் செயல் அவ்வளவு விந்தையாகத் தோன்றாது. ஸ்பானிய மொழி 20 நாடுகளில் ஆட்சிமொழி. அதனைக் கற்க விழைவோர் குவாத்தமாலாவின் அந்திகுவா போன்ற நகரங்களில் ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர் என்னும் முறையில் பயில்கின்றனர். வேறு சிலர் விடுதிகளில் பணி செய்துகொண்டே, அங்கு வேலை பார்க்கும் உள்ளூர்ப் பெண்களிடமும் சமையற்காரரிடமும் கேட்டுக் கற்கின்றனர். பின்னது புக்கிட் பெலிம்பிங் மூதாதையர் கற்ற முறையே ஆகும்.

அன்றியும், மலேசியத் தமிழ் மாணவன் ஸ்பானிய மொழியின் வாயிலில் வெறுங்கையோடு நிற்பவன் அல்லன். போர்த்துகீசியம் தமிழுக்கும் மலாய்க்கும் தந்த சொற்கள் அவன் நாவில் ஏற்கெனவே உள்ளன. தமிழின் ‘மேசை’யும் மலாயின் ‘மேஜா’வும் ஸ்பானியத்தில் ‘மேசா’. கொடிக்கு மலாயில் ‘பெண்டேரா’, ஸ்பானியத்தில் ‘பண்டேரா’. சட்டைக்கு மலாயில் ‘கெமேஜா’, ஸ்பானியத்தில் ‘கமீசா’. தமிழ் தந்த மாங்காயும் கட்டுமரமும் அங்கே ‘மாங்கோ’ என்றும் ‘கத்தமரான்’ என்றும் வழங்குகின்றன.

இலக்கணத்திலும் ஒற்றுமை உண்டு. ‘பேசுகிறேன்’ என்றாலே பேசுபவர் யாரென்று விளங்குவதுபோல், ஸ்பானியத்தில் ‘ஆப்லோ’ என்றால் போதும். ‘நான்’ என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அங்கே ‘தூ’, ‘உஸ்தெத்’ என்னும் சொற்கள் காக்கின்றன. ஆங்கிலத்தின் வழியே ஸ்பானியம் கற்போர் ‘மே குஸ்தா’ என்னும் தொடரைக் கண்டு திகைப்பர். தமிழ் மாணவனுக்கோ அது ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதாக உடனே விளங்கும். தலைவலியைச் சொல்லும்போதும் அங்கே ‘எனக்கு’ என்னும் நான்காம் வேற்றுமைப் பொருளே வருகிறது. நான்காம் வேற்றுமை கற்பிக்கும் தமிழாசிரியர், தம் மாணவனை ஸ்பானியத்துக்கும் ஆயத்தம் செய்கிறார் என்றால் அது மிகையன்று.

ஊர்ப் பெயரிலும் ஒரு தொடர்பு உண்டு. ‘புக்கிட்’ குன்று, ‘பெலிம்பிங்’ ஐந்து விளிம்புடைய நட்சத்திரப் பழத்தையும், அதன் இனமான புளிச்சக்காயையும் குறிக்கும் மலாய்ச் சொல். அப்பேரினத்துக்குத் தாவரவியலார் இட்ட ‘அவெர்ரோவா’ என்னும் பெயர், 1126இல் ஸ்பெயின் நாட்டுக் கோர்தோபாவில் பிறந்த அவெரோயிஸ் என்னும் மெய்யியலறிஞரின் நினைவாக அமைந்தது. தோட்டத்துப் பிள்ளையின் வீட்டுக் கொல்லையில் நின்ற மரம் ஸ்பெயினை முன்பே அறிந்திருந்தது. இத்தகைய செய்தியைக் கண்டறியும் ஆர்வமே மொழி கற்கும் பயணியின் உண்மையான மூலதனம்.

விடுதியும் தண்ணீர்ப் பந்தலும்

பயணியர் விடுதியில் ஊதியமின்றிப் பணியாற்றுவதும் தமிழருக்கு அயலான கருத்தன்று. இளைஞர் விடுதி என்னும் அமைப்பே ஓர் ஆசிரியரின் சிந்தனையில் உதித்தது. மாணவரோடு நடைப்பயணம் சென்று 1909இல் மழையில் சிக்கிய ரிச்சர்ட் ஷிர்மான் என்னும் ஜெர்மானியப் பள்ளியாசிரியர், எளிய கட்டணத்தில் மாணவர் தங்கும் இடங்கள் வேண்டுமென எண்ணி, 1912இல் அல்தேனாக் கோட்டையில் அதனை நிலைபெறச் செய்தார். ஸ்பெயினில் சந்தியாகோ திருத்தலத்துக்கு நடந்து செல்லும் யாத்திரிகர்க்கான விடுதிகளில், தாமே முன்வந்து பணிபுரியும் ‘ஓஸ்பித்தலேரோ’ என்னும் தொண்டர்கள் உள்ளனர். கதவு திறப்பதும், கொப்புளம் கண்ட காலுக்கு மருந்திடுவதும், காலையில் அறைகளைத் துப்புரவு செய்வதும் அவர்கள் பணி. தைப்பூசத்தன்று பத்துமலைச் சாலையில் தண்ணீர்ப் பந்தல் அமைத்துக் குவளை கழுவிய தோட்டத்து இளைஞனுக்கு இதில் புதுமை யாது?

விருந்தோம்பலைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்களுக்கு மூலமான இலத்தீன் ‘ஓஸ்பெஸ்’, விருந்தினரையும் விருந்து அளிப்பவரையும் ஒருங்கே குறித்தது. தமிழில் ‘விருந்து’ என்பதன் அடிப்பொருள் புதுமை. தொல்காப்பியர் எண்வகை வனப்பினுள் ஒன்றாக ‘விருந்து’ என்பதை வைத்து, புதுவதாகப் புனையப்படும் யாப்புக்கு அப்பெயரிட்டார். பணி செய்யும் பயணி இவ்விரு மரபுகளுக்கும் உரியவன். அவனே விருந்தினன், அவனே விருந்தளிப்பவன். அவன் எழுதினால் அது தொல்காப்பியர் கூறிய பொருளிலும் விருந்தாக அமைதல் கூடும்.

விருப்பமும் கட்டாயமும்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. விடுதியில் தரை துடைக்கும் இளைஞனையும் லயத்தில் வாழ்ந்த பாட்டனையும் ஒரே தட்டில் வைத்துவிடலாகாது. மூன்றாம் வினா இங்கேதான் கூர்மை பெறுகிறது. இளைஞன் நாளைக் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு புறப்படலாம். வீடு திரும்பும் பயணச்சீட்டும் கடவுச்சீட்டும் அவனிடம் உண்டு. பாட்டனோ கங்காணியிடம் பட்ட கடனோடு வந்தவர். வேலையை விட்டு ஓடுவது ஒரு காலத்தில் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. ஒருவருக்கு எளிமை, தாமே தெரிந்தெடுத்த பயிற்சி. மற்றவருக்கு அது வேறு வழியில்லாத வாழ்வு. இவ்வேறுபாட்டை மறந்து எழுதப்படும் பயணக் கட்டுரை, வறுமையை அழகுபடுத்தும் குற்றத்துக்கு ஆளாகும்.

இன்னும் ஒன்று. உறைவிடத்துக்காக ஊதியமின்றி உழைப்பவர், ஊதியம் பெற்று அவ்வேலையைச் செய்திருக்கக்கூடிய உள்ளூர்ப் பெண்ணின் இடத்தை எடுத்துக்கொள்கிறாரா என்பதும் கேட்கத்தக்க கேள்வி. சுற்றுலா விசாவில் வந்தவர் ஊதியம் பெறாமல் செய்யும் பணியையும் வேலை என்றே கொள்ளும் நாடுகள் உண்டு. மலிவான உழைப்பு என்பதன் பொருளை மூன்று தலைமுறையாக அறிந்த சமுதாயத்தின் பிள்ளைக்கு இக்கேள்வி புத்தகத்திலிருந்து வர வேண்டியதில்லை. வீட்டுத் திண்ணையிலிருந்தே வரும். வேறு நாட்டு இளம் பயணிகள் எழுதாத ஒன்றைத் தமிழ்ப் பயணி எழுதக்கூடிய இடம் இதுவே. தன் பக்கத்தில் படுக்கை விரிக்கும் பெண்ணுக்கு மாத இறுதியில் என்ன கிடைக்கிறது என்று ஸ்பானிய மொழியில் கேட்கத் தெரிந்தவனும், அவ்விடையின் கனத்தை உணரத் தெரிந்தவனும் ஒருவனாகவே அமைவது அரிய வாய்ப்பு.

இவ்வாய்ப்பைத் தவறவிடும் அபாயமும் உண்டு. பயணத்தை எழுதும் இளைஞர் பலர் இடங்களின் பட்டியலையும் உணவின் விலையையும் தந்து நிறைவடைகின்றனர். மொழி கற்றதைப் பெருமையாகக் குறிப்பிடுகின்றனர். கற்கும்போது பட்ட நாணத்தை மறைத்துவிடுகின்றனர். ஆனால் அந்நாணமே இலக்கியத்துக்கு உரிய பொருள். வயது வந்த ஒருவர் மீண்டும் குழந்தையின் சொல்வளத்தோடு பிறர் முன் நிற்பதும், தம்மினும் கல்வி குறைந்தவரைக் குருவாக ஏற்பதும் எளியன அல்ல. அதனை உண்மையோடு எழுதுபவர், எழுதாமல் மறைந்த ஆயிரமாயிரம் தோட்டத்துப் பாட்டாளிகளின் முதல் நாளையும் சேர்த்தே எழுதுபவர் ஆவார்.

முடிவுரை

செட்டியாரின் அடக்கமும் சோமலெயின் செய்தித் திரட்டும் தமிழ்ப் பயண இலக்கியத்துக்கு அடித்தளம் இட்டன. மொழியறிவு பயணியை எவ்வளவு ஆழத்துக்கு இட்டுச் செல்லும் என்பதைத் தனிநாயகம் அடிகளார் காட்டினார். மொழி மட்டும் போதாது, நிற்கும் இடமும் வேண்டும் என்பதை ஃபொக்கோனியேயின் நாவல் உணர்த்துகிறது. கற்ற மொழியும் செய்த வேலையும் ஒருங்கே பெற்றிருந்த தோட்டத் தமிழரிடம் எழுதுகோல் இல்லை. இம்மூன்றும் ஒருவரிடம் கூடும் காலம் இப்போது வந்துள்ளது.

இதில் ஆசிரியர்களுக்குச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பள்ளிகளில் ‘நான் சென்ற சுற்றுலா’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்வது நெடுநாள் வழக்கம். அதனோடு வேறொரு தலைப்பையும் சேர்க்கலாம். வீட்டிலுள்ள முதியவரிடம் சென்று, அவரோ அவர் பெற்றோரோ முதன்முதலில் கற்ற மலாய்ச் சொல் எது, அதைச் சொல்லிக்கொடுத்தவர் யார், அன்று கையில் என்ன வேலை இருந்தது என்று கேட்டு எழுதச் சொல்லலாம். வட சிலாங்கூரின் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்டன; அந்நினைவுடையோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவ்விடைகளை எழுதிப் பழகிய மாணவன், நாளை எந்நாட்டு விடுதியில் எம்மொழியைக் கற்றாலும், எதைக் கவனிக்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதை அறிந்தவனாகவே செல்வான்.